செலவல்ல, சாட்சி!

 

"நிச்சயதார்த்தத்திலும் கல்யாணத்திலும் படம் எடுப்பது செல்வமா, செலவா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் "செலவே! செலவே!" என்று மேஜையைத் தட்டிவிட்டுப் போனார். என்ன சொன்னாரு? "மாப்பிள்ளை தாலி கட்டுறாரு. பந்தலில் இருக்கிற முந்நூறு பேருக்கும் தெரியறது என்ன? வீடியோக்காரர் முதுகு!" என்றார். உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் சொன்னாரு: "நிச்சயதார்த்தத்துக்கு ஒரு ஆல்பம், கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஆல்பம், கல்யாணத்துக்கு ஒரு ஆல்பம். கடனுக்கு மட்டும் ஒரே ஆல்பம். ஆனா அதுலதான் பக்கம் ஜாஸ்தி!" (சிரிப்பு)

நல்லாத்தான் பேசினாரு. ஆனால் நடுவர் அவர்களே, அவர் படத்தின் விலையைப் பேசினார். படத்தின் வேலையைப் பேசவில்லை. ஒரு பொருளின் விலையை மட்டும் பார்த்தால் அது செலவு. அது நமக்குச் செய்கிற வேலையைப் பார்த்தால்தான் செல்வமா இல்லையா என்று தெரியும். அந்த வேலை என்ன என்பதை வரலாற்றோடு சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

கேமரா வருவதற்கு முன்னாலேயே கல்யாணத்தைப் படம் பிடிக்கிற ஆசை நமக்கு இருந்தது. அகநானூற்றில் எண்பத்தாறாவது பாட்டு. நல்லாவூர் கிழார் பாடியது. அதில் ஒரு கல்யாணம் வருகிறது. வரிசையாகக் கால் நட்ட பந்தல், புது மணல், விளக்கு, தொங்கும் மாலை, உளுந்து கலந்த சோறு. விடியற்காலை நல்ல நேரம். பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் பூவும் நெல்லும் கலந்த தண்ணீரை மணமகள் தலையில் ஊற்றி வாழ்த்துகிறார்கள். இவ்வளவையும் யார் சொல்கிறார்? புலவர் நேராகச் சொல்லவில்லை. கணவன் சொல்கிறான். எப்போது? மனைவி கோபமாக இருக்கிறாள். தோழி வாசலிலேயே மறித்துவிட்டாள். உள்ளே போக வழியில்லை. அப்போது வாசலில் நின்றுகொண்டு கல்யாண நாளை நினைவுபடுத்துகிறான்!

இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால் நம்ம ஆள் என்ன பண்றாரு? மெதுவா அலமாரியைத் திறந்து, "ஏம்மா, நம்ம கல்யாண ஆல்பம் எங்கே வச்சிருக்கே?" என்று கேக்குறாரு. ரெண்டாயிரம் வருஷமாக இதே வேலைதான் நடக்குது! (கைதட்டல்)

மதுரைக்குப் போங்கள். மீனாட்சி அம்மன் கோயிலில் கம்பத்தடி மண்டபத் தூணில் ஒரு சிற்பம். நடுவில் மீனாட்சி, தலையைச் சற்றுத் தாழ்த்தி நாணத்தோடு நிற்கிறாள். ஒரு பக்கம் சொக்கநாதர் கைப்பிடிக்கிறார். மறு பக்கம் அண்ணன் திருமால் தண்ணீர் வார்த்துத் தாரை வார்க்கிறார். ஓடும் நேரத்தில் ஒரே ஒரு நொடியை நிறுத்திக் கல்லில் வைத்துவிட்டான் சிற்பி. எந்த நொடியை நிறுத்தணும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைய போட்டோகிராபர் தேடுவதும் அந்த நொடியைத்தான். சாமிக்குக் கல்லில் படம் இருந்தது. நமக்கு? சாதாரண ஜனங்களுக்கு? ஒன்றும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் கேமரா.

1839-ல் பிரான்ஸ் நாட்டில் டாகர் என்பவரின் படம் பிடிக்கும் முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த இருபதே வருஷத்தில் அரண்மனைக் கல்யாணத்துக்குக் கேமரா வந்துவிட்டது. 1858 ஜனவரி 25. இங்கிலாந்து ராணி விக்டோரியாவின் மூத்த மகளுக்குக் கல்யாணம். கிளம்புவதற்கு முன்னால் அப்பா, அம்மா, மகள் மூவரும் சேர்ந்து ஒரு படம் எடுத்தார்கள். அந்தக் காலத்துக் கேமராவுக்கு முன்னால் அசையாமல் நிற்க வேண்டும். பாதி உலகத்தை ஆண்ட ராணியால் நிற்க முடியவில்லை. மகளை அனுப்பப் போகிறோமே என்ற நடுக்கம். படத்தில் ராணியின் உருவம் மட்டும் கலங்கிப் போய்விட்டது. தன் நடுக்கத்தால்தான் அப்படி ஆனது என்று அவரே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தாய்மார்களே, ராணியா இருந்தா என்ன, கவரைப்பேட்டை அம்மாவா இருந்தா என்ன? பொண்ணை அனுப்பும்போது கை நடுங்காத தாய் உண்டா? கலங்கிய படம்தான், ஆனால் ஒரு தாயின் மனசு அதில் தெளிவாக விழுந்திருக்கிறது.

நம்ம ஊருக்கு எப்ப வந்தது? 1856-ல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற டாக்டர். சென்னை ஓவியக் கல்லூரிக்கு விதை போட்டவரும் அவர்தான். அதே காலத்தில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி அரசாங்கப் போட்டோகிராபராக 1858-ல் தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை எல்லாம் சுற்றினார். எதைப் படம் எடுத்தார்? பெரும்பாலும் கோயில், கோபுரம், கோட்டை. முதலில் நம்ம கட்டடத்துக்குத்தான் மரியாதை. மனுஷனுக்கு முறை வர இன்னும் நாளாச்சு.

பிறகு ஸ்டூடியோக்கள் வந்தன. சென்னையில் வெள்ளைக்காரர் ஸ்டூடியோ வந்தது; அப்புறம் நம்மவர்கள் கற்றுக்கொண்டு ஊர் ஊராகத் திறந்தார்கள். பின்னால் ஒரு சீனரித் திரை. அதில் மாடிப்படி, தோட்டம், தூண். ஒரு ஸ்டூல் மேல் பூச்சாடி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க" என்பார் ஸ்டூடியோக்காரர். கல்யாணமான புதுசில் தம்பதி ஸ்டூடியோவுக்குப் போய் ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தர் உட்கார, ஒருத்தர் நிற்க. ரெண்டு பேர் முகத்திலும் சிரிப்பே இருக்காது. "ஏன் பாட்டி சிரிக்கலை?" என்று பேரன் கேப்பான். "எங்கேடா சிரிக்கிறது? அதுதான் உன் தாத்தாகிட்ட நான் முதல் தடவையா அவ்வளவு பக்கத்துல நின்னது!" (சிரிப்பு)

அப்போது ஒரு பயமும் இருந்தது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்றார்கள். அந்தப் பயத்தால் எத்தனையோ வீட்டில் கொள்ளுப்பாட்டி முகமே இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆயுசு குறையும் என்று பயந்து எடுக்காமல் விட்டார்கள். எடுத்திருந்தால் ஆயுசுக்கு அப்புறமும் இருந்திருப்பார்கள்.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். ஒன் டுவென்டி ரோல் பிலிம் என்று ஒன்று உண்டு. சதுரப் படமாக எடுத்தால் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். மொத்தக் கல்யாணத்துக்கும் ரெண்டு ரோல், மூணு ரோல்தான். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்று, ஊஞ்சலுக்கு ஒன்று, தாலிக்கு ரெண்டு, மிச்சமெல்லாம் குரூப் போட்டோ. நம்ம ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்று அரசாங்கத் தொழிற்சாலையே இருந்தது. 1960-ல் நிறுவனம் அமைந்து, 1967-ல் உற்பத்தி தொடங்கியது. "இந்து" என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் வந்தது. இன்றைக்கு அந்த ஆலை இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் பிலிம் ஒவ்வொன்றும் காசு. அதனால் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதே பெரிய பஞ்சாயத்து. முன் வரிசையில் நாற்காலி கிடைக்காத பெரியப்பா மூணு வருஷம் பேசமாட்டார்!

இங்கேதான் நடுவர் அவர்களே, நான் கனமான ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பழைய கல்யாணக் குரூப் போட்டோவில் யார் இருக்கிறார்கள் என்று எல்லோரும் பார்க்கிறோம். யார் இல்லை என்று பார்த்திருக்கிறோமா? பல வீட்டுப் படத்தில் ஒரு அத்தை இருக்கமாட்டாள். முதல் நாள் ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பலகாரம் செய்தவள் அவள். பொண்ணுக்குத் தலை பின்னிவிட்டவள் அவள். ஆனால் புருஷனை இழந்தவள் என்பதால் முகூர்த்த நேரத்தில் பின்கட்டுக்குப் போய்விடுவாள். போ என்று யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவளே போய்விடுவாள். அப்படிப் பழக்கி வைத்திருந்தோம். பெற்ற தாயே, கணவனை இழந்தவள் என்றால், மகள் கல்யாணத்தைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்த கதை எத்தனை வீட்டில் உண்டு! படம் பொய் சொல்லாது என்பார்கள். இந்தப் படங்கள் நாம் யாரைத் தள்ளி வைத்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்கின்றன.

இன்றைய பிள்ளைகள், "எங்க கல்யாணத்தை எங்க விருப்பப்படி நடத்திக்கிறோம்" என்கிறார்கள். எதிரணி நண்பருக்கு அது ஆடம்பரமாகத் தெரிகிறது. எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. தாலியை எடுத்துக்கொடுக்கத் தன் விதவைத் தாயை மணமேடைக்குக் கையைப் பிடித்து அழைத்து வருகிற மகள் இருக்கிறாள். "அத்தை இல்லாம குரூப் போட்டோ கிடையாது" என்று அடம் பிடிக்கிற மகன் இருக்கிறான். கல்யாணம் அவர்களுடையது என்று ஆனதால்தான், பக்கத்தில் யார் நிற்கணும் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு வந்தது. அந்தத் தாய் மணமேடையில் நிற்கிற ஒரு படத்துக்கு விலை சொல்லுங்கள் பார்ப்போம்! (பலத்த கைதட்டல்)

இந்த "எங்கள் விருப்பப்படி கல்யாணம்" ஒன்றும் நேற்று வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்ததல்ல. 1928 மே 28-ல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. வாழ்க்கைத் துணைவர்களாக ஏற்கிறோம் என்ற உறுதிமொழி. ஆனால் 1953-ல் அப்படி நடந்த ஒரு திருமணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர் கூடி வாழ்த்திய கல்யாணம் காகிதத்தில் கல்யாணம் இல்லை என்றால், அந்த மனைவியின் நிலை என்ன? குழந்தையின் சொத்துரிமை என்ன? 1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேறியது. 1968-ல் நடைமுறைக்கு வந்தது. முன்னால் நடந்த திருமணங்களையும் அது செல்லுபடியாக்கியது.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? உறவினர், நண்பர் முன்னிலையில், தங்களுக்குப் புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். கவனியுங்கள். மாலை மாற்றுவது ஒரு நொடி. மோதிரம் போடுவது ஒரு நொடி. அந்த ஒரு நொடிதான் சட்டத்தின் கண்ணில் கல்யாணம். அந்த நொடியைப் பிடித்து வைத்திருப்பது எது? போட்டோ! ஆக, அந்த ஆல்பத்தில் இருப்பது அலங்காரம் மட்டுமில்லை. சட்டம் கேட்கிற சடங்கு நடந்ததற்குச் சாட்சி.

கைவிடப்பட்ட ஒரு பெண் நீதிமன்றத்தில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இவளை எனக்குத் தெரியவே தெரியாது" என்கிறான் அவன். அழைப்பிதழ் அவன் வீட்டில். சாட்சி சொல்ல வேண்டிய உறவுக்காரர்கள் அவன் பக்கம். அவள் கையில் என்ன இருக்கும்? பெட்டியின் அடியில், புடவை மடிப்புக்குள் பத்திரமாக வைத்த ஒரு போட்டோ. அந்தக் காலத்தில் நீதிமன்றத்தில் "நெகட்டிவ் எங்கே?" என்று கேட்பார்கள். இப்போது கம்ப்யூட்டர், செல்போன் படம் என்றால் அதற்கு முறையான சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற புதிய சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான். போட்டோ மட்டுமே போதும் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2009 நவம்பர் முதல் எல்லா மதத்தவரின் திருமணத்தையும் பதிவு செய்வது கட்டாயம். தொண்ணூறு நாளுக்குள் பதிந்துவிடுங்கள். ஆனால் பதிவுக்கு முன்னால் நடந்த சடங்கு பொய்யில்லை என்று சொல்ல ஒரு படம் கை கொடுக்கும். படம் எடுத்தவன் யார் என்றே தெரியாது. ஆனால் அவள் பக்கம் பேச வந்த முதல் சாட்சி அவன்தான்.

இப்போது நம்ம கவரைப்பேட்டைக்கு வருவோம். ஜி.என்.டி. ரோட்டில் இருக்கிற ஊர். இந்தப் பக்கம் சென்னை, அந்தப் பக்கம் ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. இங்கே ஒரே மண்டபத்தில் காலையில் தமிழ்க் கல்யாணம், மறுநாள் தெலுங்குக் கல்யாணம். தெலுங்குக் கல்யாணத்தில் சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்து, மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் வைப்பார்கள். அதுதான் அவர்களுக்கு முகூர்த்தம். இது தெரியாத போட்டோகிராபர், தாலி கட்டும்போது எடுத்துக்கலாம் என்று காபி குடிக்கப் போனால் கதை முடிந்தது! இந்த ஊரில் கேமரா பிடிக்க ரெண்டு மொழியும் தெரியணும், ரெண்டு முறையும் தெரியணும். அவரை வெறும் கூலிக்காரர் என்று சொல்லாதீர்கள். எந்தப் பெரியவரை முதலில் நிறுத்தணும், எந்தச் சித்தப்பாவையும் எந்த மாமாவையும் பக்கத்தில் நிறுத்தக்கூடாது என்பது வரை அவருக்குத் தெரியும். (சிரிப்பு)

கல்யாணம் கூடிவரணும், சொந்த வீடு அமையணும் என்று வேண்டிக்கொள்ளப் பக்கத்தில் சிறுவாபுரி முருகன் கோயில். பக்கத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட். 1995-ல் இதே கவரைப்பேட்டையில் பொறியியல் கல்லூரி வந்தது. விவசாயமும் ஏரியும் இருந்த ஊருக்கு ஆலை வந்தது, கல்லூரி வந்தது, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளிகள் வந்தார்கள். ஊர் மாறினால் கல்யாணமும் மாறும். அந்தக் காலத்தில் பொண்ணுக்கு மாப்பிள்ளையைப் படத்தில்தான் தெரியும். இன்றைக்குப் பொண்ணும் சம்பாதிக்கிறாள். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இருக்கிற மாதங்களில் ரெண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் காலத்து நினைவாக ஒரு படம் எடுக்க ஆசைப்படுகிறார்கள். இதில் என்ன தப்பு?

நிச்சயதார்த்தம் என்பது என்ன? ரெண்டு குடும்பம் தாம்பூலம் மாற்றிக்கொண்டு கொடுக்கிற வாக்கு. அந்தக் காலத்தில் பெரியவர்கள் வாக்குக் கொடுப்பார்கள்; பொண்ணு உள்ளே சமையலறையில் இருப்பாள். இன்றைக்கு நிச்சயதார்த்தப் படத்தில் நடுவில் இருப்பது அந்தப் பொண்ணும் பையனும். வாக்கு அவர்களுடையது என்று அந்தப் படம் சொல்கிறது.

மத்தியப் பிரதேசத்தில் நாக்டா என்று ஒரு தொழிற்சாலை ஊர். நம்ம கும்மிடிப்பூண்டி மாதிரி. கிறிஸ்டோபர் பின்னி என்ற மானிடவியல் அறிஞர் அங்கே போய் ஸ்டூடியோக்களையும் கல்யாணப் படங்களையும் ஆராய்ந்து 1997-ல் புத்தகம் போட்டார். அவர் கண்டது என்ன? படம் எடுக்க வருகிறவர்கள் தாங்கள் இருக்கிறபடியே படம் வரணும் என்று கேட்கவில்லை. அதைவிட நன்றாக வரணும் என்று ஆசைப்பட்டார்கள். ஆலையில் எட்டு மணி நேரம் எண்ணெயும் தூசியுமாக நிற்கிறவன், வாழ்க்கையில் ஒரு நாள் ராஜா மாதிரி ஒரு படத்தில் நின்றால் அது திமிரா? அவனுக்கும் ஒரு நாள் வேண்டாமா?

அடுத்து நான் சொல்லப்போவது கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். இங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. போரால் சிதறிய குடும்பங்கள். அண்ணன் கனடாவில், அக்கா லண்டனில், அம்மா யாழ்ப்பாணத்தில், தங்கை இங்கே. ஒரு கல்யாணத்துக்கு எல்லோரும் கூட முடியாது. அப்போது ஆல்பம்தான் பயணம் போனது. போக முடியாத வீட்டுக்கெல்லாம் கல்யாணத்தைத் தூக்கிக்கொண்டு போனது.

அதைவிடப் பெரிய வேலையும் செய்தது. யாழ்ப்பாணத் தமிழர்களின் நாடு கடந்த திருமணங்களைப் பற்றிச் சிதார்த்தன் மௌனகுரு என்ற அறிஞர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 2019-ல் அவருடைய புத்தகம் வந்தது. வெளிநாட்டில் இருக்கிற மாப்பிள்ளையும் இலங்கையில் இருக்கிற பெண்ணும் சந்திக்கிற இடமாகத் தமிழ்நாடு இருந்தது. இங்கே கல்யாணம் செய்து, பெண் கணவனிடம் போக விசா கேட்கும்போது, இது உண்மையான கல்யாணம்தானா என்று அதிகாரிகள் கேட்பார்கள். அங்கே மேஜைமேல் வைக்கப்படுவது கல்யாண ஆல்பம். தாலி கட்டும் படம் இருக்கிறதா? உறவினர் இருக்கிறார்களா? ரெண்டு பேரும் நெருக்கமாக நிற்கிறார்களா? அந்தப் படங்களை வைத்து ஒரு வாழ்க்கை முடிவாகும். எதிரணி நண்பரே, அந்தப் பொண்ணுகிட்ட போய், "ஆல்பம் வெட்டிச் செலவு" என்று சொல்வீங்களா?

உலகத்திலும் இது நடந்திருக்கிறது. 1908-லிருந்து 1920 வரை ஜப்பானியப் பெண்கள் ஹவாய்க்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறினார்கள். கூலிவேலைக்குப் போன மாப்பிள்ளையைப் படத்தில் மட்டும் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். "பட மணப்பெண்கள்" என்றே அவர்களுக்குப் பெயர். துறைமுகத்தில் இறங்கி, கையில் படத்தை வைத்துக்கொண்டு புருஷனைத் தேடினார்கள். சில மாப்பிள்ளைகள் வாலிப வயசில் எடுத்த பழைய படத்தை அனுப்பியிருந்தார்கள்! படத்தை நம்பலாம், படத்தை அனுப்பினவனை விசாரிச்சுக்கணும்! (சிரிப்பு)

நடுவர் மணியைத் தொடுகிறார். எதிரணிக்குப் பதில் சொல்லாமல் போகமாட்டேன். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கடன் வாங்கி டிரோன் பறக்கவிடச் சொன்னது யார்? ரயில் தண்டவாளத்தில் நின்று படம் எடுக்காதீர்கள். அது ரயில்வே சட்டப்படி குற்றம். நம்ம கவரைப்பேட்டை லைனில் எந்த நேரமும் வண்டி வரும். பழவேற்காட்டுக்குப் போங்கள்; ஏரியும் பறவையும் அழகு. அதற்காக டச்சுக்காரர் கல்லறைச் சிற்பத்தின்மேல் சாய்ந்துகொண்டு போஸ் கொடுக்காதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். அதோடு, கல்யாணத்துக்கு முன்னாலேயே கல்லறைக்கு என்ன அவசரம்? (பலத்த சிரிப்பு)

2024-ல் உச்சநீதிமன்றமும் ஒரு வழக்கில் சொன்னது: இந்துத் திருமணம் ஆட்டமும் பாட்டும் விருந்தும் அல்ல, உரிய சடங்கு நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது திருமணம் ஆகாது. எதிரணி இதைத் தங்களுக்குச் சாதகம் என்று நினைக்கலாம். எனக்குத்தான் சாதகம்! கல்யாணம் முதலில் உண்மையாக நடக்கணும். அப்புறம்தான் படம். "மாப்பிள்ளை, தாலியை மறுபடி கட்டுங்க, ஆங்கிள் சரியில்லை" என்று கேமரா அதிகாரம் பண்ணினால் அது தப்பு. சாட்சி ஓரமாக நின்று பார்க்கணும். நடுவில் வந்து நாட்டாமை பண்ணக்கூடாது. ஆனால் சாட்சி அத்துமீறியதற்காகச் சாட்சியே வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம் எடுத்த காலத்தில் பன்னிரண்டும் வீட்டில் இருந்தது. இன்றைக்கு ஆயிரக்கணக்கில் எடுக்கிறோம். ஹார்ட் டிஸ்க் கெட்டால் ஆயிரமும் போச்சு. 1975-ல் கோடக் கம்பெனியில்தான் டிஜிட்டல் கேமராவையே முதலில் செய்தார்கள். அந்தக் கோடக்கே 2012-ல் திவால் மனு கொடுத்தது. கருவி மாறும், கம்பெனி போகும். ஊர் ஊராக இருந்த ஸ்டூடியோக்கள் மூடும்போது, பழைய நெகட்டிவெல்லாம் குப்பைக்குப் போயின. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிரதியெடுத்து வைத்திருக்கிறது. யார் வீட்டுப் படம்? உங்க தாத்தா, எங்க பாட்டி படம்! அயல்நாட்டு நூலகம் அதைச் செல்வம் என்று சேர்க்கும்போது, நாம் செலவு என்று சொல்லலாமா?

ஆகவே, எத்தனை எடுத்தாலும் இருபது படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் பெயரும் ஊரும் வருஷமும் எழுதுங்கள். பாட்டி இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, "இது யாரு? அது யாரு?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயர் இல்லாத படம் இன்னும் முப்பது வருஷத்தில் யாரோ ஒருவர் படம் ஆகிவிடும். பலகாரம் சுட்ட அத்தையை மேடைக்கு அழைத்து ஒரு படம் எடுங்கள். பந்தியில் இலை போட்ட பையனையும் எடுங்கள். அதுதான் குடும்பத்தின் வரலாறு.

மண்டபம் ஒரு நாள். சாப்பாடு ஒரு வேளை. மாலை மறுநாள் வாடும். கல்யாணத்துக்குச் செய்கிற செலவில், பேரப்பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேரப்போவது படம் ஒன்றுதான். நடுவர் அவர்களே, வேலை செய்கிற பொருளைச் செலவு என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். கல்யாணப் படம் செல்வமே, செல்வமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு விடைபெறுகிறேன். (கைதட்டல்)